ஒரு தொட்டியும் இரண்டு பலூனும்

என் மனைவி வீட்டார் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "மாப்பிள்ளை மலேசியாவில் தண்ணீர் இலாகாவில் இருக்கிறார்" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்தத் தண்ணீர் என்று எதிராளி கேட்டுவிடப் போகிறாரே என்ற பயத்தில் பேச்சை உடனே பிரியாணிக்குத் திருப்பிவிடுவார்கள். நான் பார்ப்பது சாக்கடைத் தண்ணீர். தைப்பிங் நகரில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் ஆள்களில் நானும் ஒருவன். எனக்கு அதில் கூச்சம் கிடையாது. சோறு தின்னும் அத்தனை பேரும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள்தாம்.

ஆகவே உத்தமபாளையத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் சிக்கந்தர் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாப்ளே, ஒங்க தொழில்ல ஒரு சந்தேகம்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருவர் என் தொழிலை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

சிக்கந்தர் மச்சான் திராட்சை வியாபாரி. ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சொந்தமாகத் தோட்டமும் வைத்திருக்கிறார். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர். நாற்றத்தோடு சேர்ந்து அதன் பெயர் அச்சில் ஏற வேண்டாம். அந்த ஊரில் வீட்டுக் கழிவுநீரையெல்லாம் ஒரே வாய்க்காலில் சேர்த்துச் சுத்தம் செய்ய ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். முதலில் நன்றாக ஓடிய தொட்டி பிறகு நாற ஆரம்பித்து, நட்ட செடியெல்லாம் கருகிவிட்டதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டு அதை மண்ணள்ளி மூடிவிடப் போகிறார்களாம்.

"மூடட்டுமே மச்சான், உங்களுக்கு என்ன?" என்றேன்.

"மூடிட்டா தண்ணி பழையபடி கீழத்தெருக் கெணத்துப் பக்கந்தேன் போகும் மாப்ளே. அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சு வருசா வருசம் புள்ளைகளுக்கு வாந்தி பேதி. அதுக்காகத்தேன் தொட்டியே கட்டுனாக. நீங்க ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்க."

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "இதற்காகவா விமானத்தில் போகிறீர்கள்?" என்று மனைவி சிரித்தாள். பின்னே எதற்காகப் போவார்களாம்!

செவ்வாய்க்கிழமை தேனி பஸ் நிலையத்தில் இறங்கியபோது என்னை முதலில் வரவேற்றது காற்று. எங்கள் தைப்பிங்கில் வருஷம் முழுக்க மழை; மழையைத் திட்டிக்கொண்டே பிழைப்பை ஓட்டுவோம். இங்கே ஆடி மாதத்தில் அந்த வேலையைக் காற்றை வைத்துச் செய்கிறார்கள். என் தொப்பி பஸ் நிலையத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஏலக்காய் மூட்டையோடு நின்ற மலையாளிகள் இருவர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். "தொப்பியோடு விட்டதே என்று சந்தோஷப்படச் சொல்லு, போன தடவை என் வேட்டி போனது" என்று ஒருவர் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் நிலையத்தில் மலையாளி நண்பர் ஒருவர் இருப்பதால் எனக்கு அது விளங்கும். விளங்காத மாதிரி தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நிலையத்துக்கு எதிரே பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இதன் பெயர் ரொட்டி சானாய், தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி. அங்கே ஒன்று தின்றால் இன்னொன்று கேட்கத் தோன்றும். இங்கே சால்னாவை ஊற்றியதும் கேட்கக்கூட நேரமில்லை, பரோட்டா போடுகிறவரே நம் முகத்தைப் பார்த்து அடுத்ததைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்.

உத்தமபாளையம் பஸ்ஸில் ஆளுக்கு இடமில்லை, காலி திராட்சைக் கூடைகளுக்கு இடம் இருந்தது. என் மடியிலும் இரண்டு ஏறின. யாருடையது என்று கேட்டேன். "இறங்கறப்ப எடுத்துக்கிருவாக" என்றார் கண்டக்டர். சின்னமனூரில் டிரைவர் இறங்கிப்போய் நிதானமாகப் பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உத்தமபாளையத்தில் நான் இறங்கும்வரை கூடைகளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மச்சானிடம் சொன்னபோது, "அது நம்ம கூடதேன். நாந்தேன் தேனியில ஏத்திவிடச் சொன்னேன்" என்றார்.

புதன்கிழமை காலை மச்சானின் மொபெட்டில் அந்த ஊருக்குப் போனோம். இருபுறமும் பந்தல் பந்தலாகத் திராட்சை. தூரத்தில் காற்றாலைகள் வேக வேகமாகச் சுற்றின. ஊர் எல்லைக்கு வரும் முன்பே மூக்கு எனக்குச் சேதி சொல்லிவிட்டது. கழிவுநீரில் பல வாசனை உண்டு. வேலை செய்யும் தொட்டியில் ஈர மண் வாடை அடிக்கும். இது அழுகின முட்டை வாடை.

தொட்டியின் அருகே ஊராட்சித் தலைவர் செல்லத்தாய் காத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்; கீழத்தெருக்காரர். கையில் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகத் தோட்ட வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்.

"வாங்கண்ணே. மலேசியாவுல இருந்து சாக்கடையப் பாக்க வந்த மொத ஆளு நீங்கதேன்" என்றார்.

"சாக்கடையைப் பார்க்க எங்கே வேணாலும் வருவேன் தலைவரம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

அமைப்பு எளிமையானது, நல்லதும்கூட. ஊர்ச் சாக்கடையெல்லாம் முதலில் ஒரு மூடிய தொட்டிக்குள் போகிறது. அங்கே கசடு அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்னும். பிறகு தண்ணீர் சரளைக்கல் நிரப்பிய ஒரு நீளப் பாத்திக்கு வரும். அதில் நட்ட கல்வாழையும் நாணலும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சின்னக் குட்டை; அங்கிருந்து தென்னைக்குப் பாய்ச்சலாம். மோட்டார் இல்லை, கரண்டு இல்லை. எங்கள் நிலையத்தில் கரண்டு போனால் நாங்கள் ஓடுகிற ஓட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. வேலை நடக்கும் தொட்டியில் வாயு சின்னச் சின்னக் குமிழிகளாக வந்துகொண்டே இருக்க வேண்டும். பாத்தியில் கல்வாழை கருகி நின்றது. குட்டையில் குனிந்து காது வைத்தேன்.

"என்னத்தக் கேக்குறீக?" என்றார் செல்லத்தாய்.

"தவளை. எங்க ஊர்ல மேலதிகாரி வர்றதுக்கு முன்னாடி நான் பார்க்கிறது தவளையைத்தான். தவளை கத்தினா தண்ணி சரியா இருக்குன்னு அர்த்தம். கருவியெல்லாம் அப்புறம்."

"மொதல்ல இங்கன கத்துச்சுண்ணே. இப்ப கொசு கூட வாரதில்ல."

கொசுப்புழுகூடப் பிழைக்காத குட்டை. நாறுகிற தொட்டியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது நோய்ப்பட்ட தொட்டி அல்ல, செத்த தொட்டி. யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது. தண்ணீர் உள்ளே விழும் சிமெண்டு வாயில் வெளிர்நீலமாக ஒரு படிவு ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். சுண்ணாம்பு போல வந்தது.

தொட்டியை ஒட்டி ஒரு செம்மண் குவியல் கிடந்தது. "இது எதுக்கு?"

"மூடுறதுக்குத்தேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வெள்ளைமீசை, தோளில் துண்டு. அவர் ராசாங்கம். ஊரிலேயே பெரிய திராட்சைத் தோட்டம் அவருடையது. தொட்டிக்கு மிக அருகில் இருப்பதும் அவர் வீடுதான். மேல்காற்று அடித்தால் முழு வாடையும் அவர் வீட்டு அடுப்படிக்குள் போகும். "எங்க வீட்ல சம்மந்தகாரக வந்து பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாக பாய். ஞாயித்துக்கெழம கூட்டம் முடியட்டும், என் டிராக்டர வச்சு நானே மூடிர்றேன். ஊருக்கு ஒரு செலவும் வேணாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாதிச் சோற்றில் சம்பந்திகள் எழுந்து போனால் நான் மலையையே பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டியிருப்பேன்.

வெயில் ஏறியதும் மச்சானின் தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேலே கறுத்த பன்னீர்த் திராட்சை. பறித்து வாயில் போடப் போனவன் நின்றுவிட்டேன். இலையெல்லாம் வெளிர்நீலப் புள்ளி.

"இது என்ன மச்சான்?"

"துத்தம் மாப்ளே. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணியில கலக்கி அடிக்கிறது. இல்லாட்டி சாம்ப நோய் வந்து கொடி போயிரும். இங்கன எல்லாரும் அடிப்பாக. கழுவிட்டுத் தின்னுங்க."

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மயில்துத்தம் பூஞ்சையைக் கொல்லும். தொட்டிக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத என் வேலையாட்களையும் அது விட்டுவைக்காது.

"அடிச்சு முடிச்சதும் மிச்சக் கலவையை எங்கே ஊத்துவீங்க? டிரம்மை எங்கே கழுவுவீங்க?"

"தொட்டிக்குப் போற வாய்க்கால்லதேன். வேற எங்க? ஊரே அங்கனதேன் கழுவும். தோட்டத்துல ஊத்துனா ஆடு மாடு குடிச்சுச் செத்துரும்ல? நாங்க பொறுப்பாத்தேன் இருக்கோம்."

சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வேறெந்த ஊரிலும் சோம்பேறித்தனத்தால் தொட்டி கெடும். இந்த ஊரில் பொறுப்பால் கெட்டிருக்கிறது. எஞ்சிய துத்தத்தைச் சிந்தாமல் சிதறாமல் டிரம்மோடு வண்டியில் ஏற்றி, தோட்டத்திலிருந்து ஊர்வரைக்கும் கொண்டுவந்து, கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிக்குள்ளேயே பயபக்தியோடு ஊற்றியிருக்கிறார்கள்!

"இப்படிச் செய்யச் சொன்னது யார்?" என்று கேட்டேன். மச்சான் இருமினார். அன்று மச்சான் தோட்டத்துக்கே வேலைக்கு வந்து, கொடிக்குக் கீழே களை பறித்துக்கொண்டிருந்த செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தேன்" என்றார். "தொட்டி கட்டுன புதுசுல கீழத்தெருவுல ஒரு வெள்ளாடு டிரம்மு கழுவுன தண்ணியக் குடிச்சிட்டு விழுந்து செத்துச்சு. அன்னிக்கே மைக்கப் பிடிச்சு ஊருக்குச் சொன்னேன். துத்தத் தண்ணியத் தோட்டத்துல ஊத்தாதீக, தொட்டியில கொண்டாந்து ஊத்துங்க, அழுக்குத் தண்ணியச் சுத்தம் பண்ணத்தேன் கட்டியிருக்குன்னு. எல்லாரும் நான் சொன்னதக் கேட்டாக." அவர் கையிலிருந்த களை கீழே விழுந்தது. "ஊரே என் பேச்சக் கேட்டது அந்த ஒரு விசயத்துலதேன்ண்ணே."

அந்தக் கீழத்தெருக் கிணற்றுக்காகவே தேர்தலில் நின்று ஜெயித்த பெண் அவர். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

"தொட்டியைப் பிழைக்க வைக்கலாம். அது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனா ஊர் நம்பணும்" என்றேன்.

"ராசாங்கம் வாயால சொன்னா நம்ப மாட்டாரு. கண்ணால பாக்கணும்" என்றார் மச்சான்.

கண்ணால் பார்க்க ஒரு வழி என்னிடம் இருந்தது. எங்கள் நிலையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் நான் காட்டுகிற வித்தை அது. இரண்டு பாட்டிலிலும் கழிவுநீரும் உயிருள்ள சாணக் கரைசலும் ஊற்றி, வாயில் பலூனை மாட்டிக் கட்டிவிட வேண்டும். உள்ளே உயிர்கள் வேலை செய்தால் வாயு வரும், பலூன் எழுந்து நிற்கும். ஒரு பாட்டிலில் மட்டும் துத்தம் கலந்தால் போதும், கதை தானாகத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை உயிருள்ள கரைசல் தேடிக் கோம்பைக்குப் போனோம். அங்கே மச்சானுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாண எரிவாயுவில் சமைக்கிறார்கள். அந்தக் கரைசலில்தான் நமக்கு வேண்டிய வேலையாட்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். ஒரு தூக்குவாளி நிறைய வாங்கிக்கொண்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன். தெருமுனையில் கோம்பை நாய் ஒன்று எழுந்து நின்றது. செவலை நிறம், கறுத்த மூஞ்சி, எங்களைக் கடன்காரர்களைப் போலப் பார்த்தது.

"அசையாதீக மாப்ளே, அது ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே மச்சான் வண்டியை முறுக்கிய வேகத்தில், அவர் பேச்சை அவரே நம்பவில்லை என்று தெரிந்தது. நாய் துரத்தியது. தூக்குவாளியின் மூடி பறந்தது. கோலாலம்பூரில் வாங்கிய என் கால்சட்டையில் பாதிக் கரைசல் இறங்கியது. மிச்சத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். குழந்தையைக்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை. தெரு எல்லையோடு நாய் திரும்பிவிட்டது. சாணி வாடைக்குப் பயந்துதான் திரும்பியது என்று மச்சான் இன்றுவரை சொல்கிறார்.

சாயங்காலம் பாட்டில்களை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. கதகதப்பான இடம் வேண்டும், ஊர் பார்க்கும் இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பாண்டியின் டீக்கடையில்தான் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைக்கச் சொன்னேன்.

"வடைக்குப் பக்கத்துலயா?" என்றார் பாண்டி.

"வாய் கட்டியிருக்கு. வாடை வராது."

"வாடை வராட்டியும் அதுக்குள்ள என்னன்னு எல்லாருக்கும் தெரியும்ல பாய்?"

செல்லத்தாய் வந்து, "வைய்யுங்க பாண்டி அண்ணே. ஞாயித்துக்கெழம வரைக்கும்" என்றார். பாண்டி வடைத்தட்டை மறுபக்கம் நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார். சிவப்புப் பலூன் துத்தம் இல்லாத பாட்டிலுக்கு. நீலப் பலூன் துத்தம் கலந்ததற்கு. இரண்டும் தொங்கிக் கிடந்தன. டீ குடிக்க வந்தவர்கள் பாதிப் பேர் என்னைப் பார்த்த பார்வையில், மலேசியாவில் வேறு வேலை கிடைக்கவில்லையா என்ற கேள்வி இருந்தது.

வெள்ளிக்கிழமை உத்தமபாளையத்தில் ஜும்மா தொழுகை முடித்து, மச்சான் வீட்டில் பிரியாணி. எங்கள் பக்கத்துப் பிரியாணியில் மசாலா சோற்றுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இங்கே சீரகச் சம்பா அரிசி தன் மரியாதையோடு தனித்தனியாக நிற்கிறது. மட்டன் அதற்குள் அடங்கிப் போகிறது. விருந்துக்கு வந்தவர்களிடம் மச்சான் என்னை அறிமுகப்படுத்தினார். "மாப்பிள்ளை தண்ணி எலாகாவுல..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாக்கடைத் தண்ணி" என்று முடித்தார். யாரும் இலையை விட்டு எழுந்துவிடவில்லை. அப்போது பாண்டியிடமிருந்து போன் வந்தது. சிவப்புப் பலூன் பாதி நிமிர்ந்துவிட்டதாம். என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி போடச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பலூனும் தொங்கிக்கொண்டிருந்தன.

கடைவாசலில் உட்கார்ந்திருந்த ராசாங்கம், "ரெண்டு பயலும் படுத்துட்டாங்க பாய்" என்றார். கரைசல் செத்துவிட்டதா? வழியில் வெயில் பட்டதா? இல்லை, பெரிய வாய் பேசிக்கொண்டு நான் வந்ததே தப்பா? பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பலூன் பாட்டிலில் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கட்டியிருந்த நூல் தளர்ந்திருந்தது.

"பாண்டி, இதை யார் அவிழ்த்தது?"

பாண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாந்தேன். வெடைச்சுக்கிட்டு நின்னுச்சு. வெடிச்சு வடைச் சட்டியில விழுந்துச்சுன்னா? கொஞ்சமாக் காத்தப் புடுங்கி விட்டேன். ராத்திரி ஒருதடவ, காலையில ஒருதடவ."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ராசாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, இரண்டு பாட்டிலையும் குனிந்து பார்த்தார். "அப்ப நீலத்தையும் அவுத்துவிட்டியா?" என்று பாண்டியைக் கேட்டார். "அது எந்திரிக்கவே இல்லையே, அவுக்க என்ன இருக்கு?" என்றார் பாண்டி. ராசாங்கம் டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனார். நான் நூலை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

அன்று மதியம் மச்சான் செல்லத்தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "நாளைக்குக் கூட்டத்துல துத்தம்னு மட்டும் சொல்லுங்க. மைக்குல நீங்க சொன்னத யாரு ஞாபகம் வச்சிருக்காக? கட்டுன மேஸ்திரி சொல்லாமப் போயிட்டான்னு விட்டுருவோம். எலெக்சன் வருது."

"மேஸ்திரியா வந்து ஊத்துனான் ராவுத்தரே?" என்றார் அவர். "நான் சொன்னேன், ஊர் ஊத்துச்சு. நாஞ் சொல்லித்தேன் ஊத்துனாகன்னு நாஞ் சொல்லாட்டி, இனிமே ஊத்தாதீகன்னு நாஞ் சொன்னா எவரு கேப்பாக?"

மச்சான் என்னைப் பார்த்துவிட்டு மொபெட்டை எடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாவடியில் கூட்டம். ஆண்கள் உள்ளே, பெண்கள் வாசலில். கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றிருந்தார்கள். பாண்டி டீத் தட்டில் இரண்டு பாட்டிலையும் ஏந்திக்கொண்டு வந்தார், சாமி ஊர்வலம் போல. சிவப்புப் பலூன் நெட்டுக்குத்தாக நின்றது. நீலம் பாட்டிலின் கழுத்தில் சுருண்டு கிடந்தது. சாவடி முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

செல்லத்தாய் மைக்கை வாங்கவில்லை. எழுந்து நின்று சொன்னார். "ரெண்டுலயும் நம்ம ஊருச் சாக்கடைத் தண்ணியும் சாணிக் கரைசலுந்தேன். செவப்புல வேற ஒண்ணும் கலக்கல. நீலத்துல ஒரு கரண்டி துத்தம். தொட்டிய நாறவச்சது நாம ஊத்துன துத்தந்தேன். ஊத்தச் சொன்னது நாந்தேன். தப்பு என்னுது. தொட்டி மேல தப்பு இல்ல. தொட்டிய மூடுனா எங்க தெருப் புள்ளைகதேன் மறுபடி படுக்கும். என்னை வேணும்னா எறக்கிருங்க, தொட்டிய மூடாதீக."

எல்லாரும் ராசாங்கத்தைப் பார்த்தார்கள். செம்மண் அவருடையது, டிராக்டரும் அவருடையது.

அவர் பாட்டிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "தொட்டியில மொத டிரம்ம ஊத்துனது நாந்தேன்" என்றார். "தலைவரம்மா சொன்ன அன்னிக்கே ஊத்துனேன். அதுக்கப்புறம் ஒரு மருந்தடிப்பு விடாம. ஊருலயே நாந்தேன் ஒழுங்கா நடந்துக்கிட்டேன்னு நெனச்சிருந்தேன்." தோள் துண்டை உதறிப் போட்டார். "சரி, இனிமே எங்க ஊத்துறது? அதச் சொல்லுங்க. தோட்டத்துலயும் ஊத்தக் கூடாது, தொட்டியிலயும் ஊத்தக் கூடாது. தலையிலயா ஊத்திக்கிறது?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"டிரம்மு கழுவுன தண்ணிய ஏன் கீழ ஊத்தணும்? மூடி வச்சிருந்து அடுத்த கலவைக்கு ஊத்திக்கிட்டா என்ன? அதுவும் துத்தத் தண்ணிதேன?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. போகட்டும், அவர் வாயிலிருந்து வந்ததே நல்லது. திராட்சைக்காரர்கள் தலையாட்டினார்கள். மூடியுள்ள டிரம் தோட்டத்துக்கு ஒன்று, வாய்க்கால் பக்கம் துத்தம் வரவே கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவானது. செல்லத்தாயை இறக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏ ஆத்தா, இனி மைக்கப் பிடிச்சா ரெண்டு தடவ யோசிச்சுப் பேசு" என்றாள். சாவடியே சிரித்தது. செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை ஊரே தொட்டியில் இறங்கியது. அடியில் தங்கியிருந்த நீலக் கசடை வாரி வெளியே எடுத்தோம். அது உரமாகாது, எந்தத் தோட்டத்திலும் போடக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். கிணற்றுக்கு எதிர்த்திசையில், மேட்டு நிலத்தில் குழி தோண்டிச் சிமெண்டு பூசி, கசடை உள்ளே போட்டார்கள். மூட மண் வேண்டுமே என்று யாரோ கேட்டார்கள். ராசாங்கம் போய் டிராக்டரை எடுத்து வந்தார். தொட்டியை மூடக் கொண்டுவந்த செம்மண் அத்தனையும் அந்தக் குழிக்குப் போனது. பிறகு வீட்டுக்கு ஒரு கூடை சாணி வந்தது. கோம்பைக் கரைசலையும் வாங்கி வந்து ஊற்றினோம். இந்தத் தடவை வேனில் போனேன்.

நான் விமானம் ஏறும்போது தொட்டியில் குமிழி வர ஆரம்பித்திருந்தது. கல்வாழை நட்டிருந்தார்கள். அதற்கு மேல் காத்திருந்து பார்க்க விடுப்பு இல்லை. பிழைக்கும் என்று வாயால் அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். மனசு மட்டும் தினமும் அந்தக் குட்டைக்குப் போய்க் காது வைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம், எங்கள் நிலையத்தில் நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. செல்லத்தாய்.

"அண்ணே, ராசாங்கம் சண்டைக்கு வந்து நிக்காரு. தொட்டியினால வீட்ல இருக்க முடியலையாம். ஒங்கள்ட்டயே பேசணுமாம்."

மறுபடி நாறுகிறதா? யாராவது துத்தத்தை ஊற்றிவிட்டார்களா?

ராசாங்கம் போனை வாங்கினார். "பாய், நல்லாயிருக்கீகளா? வாடை சுத்தமா இல்ல. ஆனா இந்தத் தவளைக பொழுது சாஞ்சா போதும், பேசவிடாதுக. சம்மந்தகாரக வந்திருக்காக, அவுக பேசுறது எனக்குக் கேக்கல, நான் பேசுறது அவுகளுக்குக் கேக்கல. கேட்டுப் பாருங்க." போனை அவர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். கடலைத் தாண்டி என் காதுக்குள் அந்தக் குட்டையே இறங்கியது. பத்தல்ல, நூறல்ல, பெருங்கூட்டம்.

"கேட்டீகளா?" என்றார். "இதுகள நிப்பாட்ட ஒங்க தொழில்ல ஏதாச்சும் வழி இருக்கா பாய்?"

"இருக்கே" என்றேன். "ஒரு டிரம் துத்தத் தண்ணியை ஊத்துங்க. ஒரே நாள்ல நின்னுடும்."

மறுமுனையில் தவளைச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

"வேணாம் பாய். கத்தட்டும்."